சொட்டும் குழாய்

 

எங்கள் வீட்டில் வுழூச் செய்யும் குழாய் சொட்டியது. கீழே வாளியை வைத்துப் பல நாட்களைக் கடத்தினேன். "வாப்பா, வீண்விரயம் கூடாதென்று மத்ரஸாவில பாடம் நடத்துறீங்களே?" என்றாள் மகள். வெட்கிப்போனேன்.

நொடிக்கு ஒரு சொட்டென்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். 4 லீற்றருக்கும் மேல். நபி (ஸல்) அவர்களோ ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒரு 'முத்து' நீரில் வுழூச் செய்தார்கள். கந்தளாய்க் குளத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் நீரைச் சாக்கடைக்கு அனுப்பலாமா?

திருகு குழாயில் பெரும்பாலும் பழுதாவது உள்ளேயுள்ள றப்பர் வாஷர்தான். மீற்றருக்கு அருகிலுள்ள வால்வை மூடி, குழாயைத் திறந்து மீதி நீரை வடியவிடுங்கள். மேல் நட்டை ஸ்பேனரால் இடப்புறம் திருப்புங்கள். துறைமுக உப்புக்காற்றில் அது இறுகியிருந்தால் சில துளி எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். முரட்டுத்தனம் குழாயையே முறித்துவிடும். பழைய வாஷரைக் கடையில் காட்டி, அதே அளவில் புதியது வாங்கி மாட்டுங்கள். பிறகும் சொட்டினால் வாஷர் அமரும் இடம் தேய்ந்திருக்கும், குழாயையே மாற்றவேண்டும்.

எனக்கு அரைமணி நேரம் சென்றது. வாளியை எடுத்துச் சென்றவள் மகள்தான்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், மாரிக்கு முன் கூரை ஓடுகளைக் கவனிப்போம்.