தீவகத்துக்குத் தேவை தீயணைப்புத் தொண்டர் படை

நாற்புறமும் நீர், நடுவே நெருப்பு! கோடை காலத்துத் தீவகத்தின் நிலைமையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் இயலாது.

கடல் சூழ்ந்த நிலத்தில் தீக்கு அஞ்சுவானேன் என்று நகரத்தில் வாழ்வோர் எண்ணக்கூடும். தீவக மக்கள் அவ்வாறு எண்ணார். சோளகம் வீசும் மாதங்களில் மழை இல்லை. கிணறுகளில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். எஞ்சிய நீரும் பல இடங்களில் உவர்நீரே. பனங்கூடல்களில் காய்ந்த காவோலை தொங்கும். வேலியும் ஓலை, கொட்டிலும் ஓலை. மாட்டுக்கென வைத்த வைக்கோற்போர் முற்றத்தருகே நிற்கும். எவரோ குப்பைக்கு வைத்த நெருப்பு காற்றிலேறினால், எரியும் ஓலைத் துண்டொன்று பறந்து அடுத்த வளவிலே விழும். வருமுன் காக்க வேண்டும் என்பதை உணர்த்த வந்த வள்ளுவர், நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போரையே உவமை காட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது.

தீயணைப்பு வண்டியை அழைத்தாலென்ன என்று கேட்போர் உளர். யாழ்ப்பாண நகரத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதற்கப்பால் நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். நயினாதீவுக்கும், அனலைதீவுக்கும், எழுவைதீவுக்கும் கடலே வழி. பாலத்தால் இணைந்த வேலணைக்கும் புங்குடுதீவுக்குங்கூடத் தூரம் தூரமே. ஓலைக் கொட்டில் ஒன்று எரிந்து சாம்பலாவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே, தீவகத்துத் தீயைத் தீவகத்தாரே அணைத்தல் வேண்டும். இது வீர உரை அன்று, வெறுங் கணக்கு.

அன்பு உண்டு, ஒழுங்கு இல்லை

இன்று தீப்பற்றினால் என்ன நிகழ்கின்றது? ஊர் முழுவதும் ஓடி வருகின்றது. வாளியும் குடமும் கையுமாக அயலவர் கூடுகின்றனர். பகையாளியின் வீடு எரிந்தாலும் படலைக்கு வெளியே நின்று பார்த்திருப்பவர் எம்மவர் அல்லர். ஆனால், அன்பினால் மட்டும் தீ அணையுமா? மீனவர் வாடியில் மண்ணெண்ணெய் எரியும்போது அதன்மேல் நீரை ஊற்றினால் தீ மேலும் பரவும். அங்கே வேண்டுவது மணல். மின்னிணைப்பைத் துண்டிக்காமல் ஈரக் கையோடு உள்ளே புகுபவர் உயிரையே இழக்க நேரும். காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டியவர், தீ செல்லும் பக்கத்தில் நின்று புகையிலே மயங்குவர். தீப்புண்ணை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் குளிர்விப்பதை விடுத்து நெய்யும் பற்பசையும் பூசுவோர் இன்றும் உளர். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் வாயு அடுப்புகள் வெடித்தபோது, அடுக்களையிலும் ஆபத்து வந்து குடியேறியிருப்பதை அனைவரும் உணர்ந்தோம். உணர்ந்தும் பயின்றோமா?

கூட்டம் வேறு, படை வேறு. கூட்டம் ஓடி வரும். படை பயின்று வரும்.

பிறர் செய்து காட்டியது

நாம் கேட்பது உலகில் எங்கும் இல்லாத புதுமை அன்று. அவுஸ்திரேலியாவின் தெற்கே உள்ள கங்காரு தீவு, கமக்காரரும் மந்தை வளர்ப்போரும் வாழும் நாட்டுப்புறம். 2019 டிசம்பரில் மின்னலால் மூண்ட தீ, 2020 சனவரியில் பெருகி, அத்தீவின் ஏறத்தாழப் பாதியை, அதாவது 2 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. அதனை எதிர்த்து நின்றோருள் பெரும்பாலோர் சம்பளம் பெறாத தொண்டர்கள். கமக்காரர் தத்தம் வாகனங்களில் நீர்த்தொட்டியும் பம்பியும் பூட்டிக்கொண்டு அவர்களுக்குத் துணை சென்றனர்.

யப்பானிலும் ஊர்தோறும் தீயணைப்புத் தொண்டர் படை உண்டு. கடைக்காரரும் கமக்காரரும் மீனவருமே அதன் உறுப்பினர். ஒரு காலத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்த அப்படையில் இப்பொழுது 8 இலட்சம் பேரும் இல்லை. இளைஞர் ஊரை விட்டு நகருக்குச் செல்வது அதற்கு ஒரு பெருங்காரணம். இந்த நோய் நமக்கும் புதியதன்று. தீவகத்தின் வளவுகள் பல ஆளற்றுப் பற்றைக் காடாகக் கிடக்கின்றன. உரிமையாளர் கனடாவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். ஆளற்ற வளவே தீக்கு முதல் விருந்து.

அப்படியாயின் படைக்கு ஆள் எங்கே? ஆண்கள் கடலுக்குச் சென்ற பின் பகலில் ஊரில் நிற்பவர் பெண்கள் அன்றோ? அவர்களை விடுத்து அமைக்கும் படை பாதிப் படையே. ஊரில் எஞ்சியுள்ள இளைஞரும் பெண்களும் சேர்ந்து ஊருக்கு இருபது பேர் முன்வரின் நல்ல தொடக்கமாகும்.

தொண்டரைத் தனியே விடாதீர்

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். தொண்டு என்ற பெயரால் உள்ளூராட்சி மன்றங்கள் தம் கடமையைத் தட்டிக் கழிக்க நாம் இடங்கொடோம். 2011 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் யப்பானியத் தொண்டர் 250 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பலர் பிறரைக் காக்கச் சென்றவர்கள். இப்பணியில் உயிருக்கு ஆபத்து உண்டு. பயிற்சியும் காலணியும் தலைக்கவசமும் கொடாமல் ஓர் இளைஞனை நெருப்பின் முன் நிறுத்துவது தொண்டு அன்று, கொடுமை. அவன் காயமுற்றால் மருத்துவச் செலவை ஏற்பது யார்? அவன் மீளாவிடின் அவன் குடும்பத்தைக் காப்பது யார்? இவ்வினாக்களுக்கு எழுத்திலே விடை தந்த பின்னரே அவனை அழைத்தல் முறை.

ஆதலின் நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பிரதேச சபைகள் தொண்டரைப் பதிவு செய்து, காப்புறுதி எடுத்து, ஆண்டுதோறும் சோளகத்துக்கு முன்பே பயிற்சி அளித்தல் வேண்டும். கமக்காரர் தம் பம்பிகளையும் லாண்ட்மாஸ்ரர்களையும் ஆபத்து வேளையில் தர இசைதல் வேண்டும். மருத்துவர் முதலுதவியையும், பொறியியலாளர் இயந்திரப் பராமரிப்பையும் கற்பிக்கலாம். சட்டத்தரணிகள் காப்புறுதிப் பத்திரத்தைச் சரிபார்க்கலாம். கடல் கடந்து வாழும் ஊரவர்க்கும் ஒரு வேண்டுகோள்: கோபுரத்துக்குக் கொடுக்கும் கை ஒரு நீர்ப்பம்பிக்கும் கொடாதா? தம் வளவின் பற்றையை வெட்டுவிக்கவும் மனம் வாராதா?

தொண்டரின் பெரும்பணி தீயை அணைப்பதன்று. தீ மூளாமற் செய்வது. ஒழுங்கையோரத்துக் காவோலையை அகற்றுவதும், குடிமனைகளைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டுவதும், முதியோர் வீட்டு அடுப்பையும் விளக்கையும் பார்த்து வருவதும் புகழ் தராத வேலைகள். ஆனால் ஊரைக் காப்பவை அவையே.

வீடு பற்றிய பின் கிணறு வெட்டத் தொடங்கும் மக்களாக நாம் இருத்தலாகாது. அடுத்த சோளகம் நமக்காகக் காத்திராது. சபைகள் பதிவேட்டைத் திறக்கட்டும்; முதற் பெயர்கள் இந்த வாரமே எழுதப்படட்டும்!