லாகிரிப் பழக்கமும் பரஸ்பர உதவியும்

நெசவாளர் சங்கங்களுக்கும் விவசாயக் கடன் சங்கங்களுக்கும் ஆய்வுக்குச் செல்லும் எவரும் பாக்கிப் பட்டியலில் ஒரு சில பெயர்களைக் காண்பர். அவற்றிற்கு எதிரே காரணம் எழுதப்பட்டிராது. பாவும் ஊடைநூலும் பெற்றுச் சென்றவர் துணியைக் கொண்டுவந்து ஒப்படைக்கவில்லை. பயிர்க்கடன் பெற்றவர் நிலத்தைத் தரிசாக விட்டிருக்கிறார். ஏன் என்று வினவினால், காரியதரிசி குரலைத் தாழ்த்தி, "அவருக்குப் பழக்கம் உண்டு, சார்" என்பார். முன்பெல்லாம் இச்சொல் பெரும்பாலும் மதுவையே குறித்தது. இப்பொழுது கஞ்சாவையும், மருத்துவர் சீட்டின்றிக் கைமாறும் வலி மாத்திரைகளையும் சேர்த்தே குறிக்கிறது.

இத்தகைய அங்கத்தினர் விஷயத்தில் நம் நிர்வாகக் கமிட்டிகளுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே. முதலில் புத்திமதி, அது பலிக்காவிடில் நீக்கம். கடனை வசூலிப்பதும் சங்கத்தின் பணத்தைக் காப்பதும் கமிட்டியின் கடமை. அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் புத்திமதி சொல்பவர் அத்துன்பத்தை ஒருநாளும் அனுபவியாதவர் என்பது கேட்பவருக்கு நன்கு தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நீக்கப்பட்டவருக்கோ, பழக்கத்தில் கூட்டாளிகளாயிருப்போரைத் தவிர வேறு கூட்டே இல்லாமற் போகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரே துன்பத்தில் அகப்பட்டவர்கள் தங்களுக்குள் கூடி ஒருவரையொருவர் மீட்டுக்கொள்வதே அது. கூட்டுறவாளராகிய நமக்கு இது புதுமையாகத் தோன்ற நியாயமில்லை.

இவ்வழி பிறந்த வரலாறு அறியத்தக்கது. 1935-ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்கு வந்தார். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றுவதற்காகப் பங்குதாரர்களின் வாக்குகளைத் திரட்டுவது அவர் வந்த காரியம், அது தோல்வியுற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவருக்கு, அந்நிய ஊரில், ஹோட்டல் மதுச்சாலையின் கலகலப்பு காதில் விழுந்தபோது பழைய ஆசை மூண்டது. அப்பொழுது அவர் செய்த செய்கை விசித்திரமானது. அவ்வூர்ப் பாதிரிமார்களுக்குத் தொலைபேசியில் பேசி, தம்மைப் போன்ற குடிநோயாளி ஒருவரைத் தமக்குக் காட்டுமாறு வேண்டினார். டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் அகப்பட்டார். கால் மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வில்சன் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதியை ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் என்றும், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' ஸ்தாபனத்தின் பிறந்த நாள் என்றும் அவர்கள் கொண்டாடுகிறார்கள்.

இதில் உதவியவர் வில்சன், உதவி பெற்றவர் ஸ்மித் என்று பேரேட்டில் பற்று வரவு எழுதிவிட முடியாது. அப்பேச்சினால் மீண்டவர் இருவர். பங்குக்கு ஒரு வாக்கு என்னும் கணக்கில் தோற்றுப்போன மனிதர், அதே ஊரில், பங்குத் தொகையே இல்லாத ஒரு சங்கத்திற்கு வித்திட்டார் என்பதும் நமக்குச் சுவை தரும் செய்தி அன்றோ!

இது ஏன் பலிக்கிறது? நம் இயக்கத்தின் பழைய பாடத்தை நினைவுகூர்ந்தால் போதும். 1890-களில் சென்னை மாகாணத்துக்காக பிரடரிக் நிக்கல்சன் தயாரித்த அறிக்கை ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை நமக்கு வழிகாட்டியாக நிறுத்தியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ரைபைசன் சங்கத்தின் உண்மையான மூலதனம் அக்கம்பக்கத்தாரின் அறிவே. கடன் வாங்கியவன் மாட்டை வாங்கினானா, கலியாணத்தில் செலவழித்தானா என்பது பட்டணத்து வங்கிக்குத் தெரியாது, எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியும். லாகிரி விஷயத்திலும் அப்படியே. "இன்று ஒருநாள் மட்டும்", "நினைத்தால் விட்டுவிடுவேன்", "உடம்பு வலிக்காகத்தான்" என்ற சொற்களை மருத்துவர் நம்பக்கூடும், தாய் நம்பக்கூடும். அதே சொற்களைத் தானும் சொல்லி ஊரை ஏமாற்றியவன் நம்பமாட்டான். நம்பாததோடு, இழிவாக நினைக்கவும் மாட்டான். இவ்விரண்டும் ஒருங்கே வேறெங்கும் கிடைப்பது அரிது.

மதுவுக்கு ஏற்பட்ட இம்முறையை மற்ற லாகிரி வஸ்துக்களுக்கும் விரித்தவர்கள் கலிபோர்னியாவில் 1953-இல் 'நார்காட்டிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தைத் தொடங்கிய சிலர். அவர்களுள் முக்கியமானவர் ஜிம்மி கின்னன். அக்காலத்தில் இத்தகையோர் ஒன்றுகூடுவதே குற்றமாகக் கருதப்படலாம் என்ற நிலை. போலீஸாரின் கண்ணுக்கு அஞ்சியே கூடினர். அவர்கள் செய்த திருத்தம் சிறியது, ஆனால் ஆழ்ந்தது. அபின், மாத்திரை, கஞ்சா என்று எதையும் பெயர் சொல்லாமல், 'பழக்க அடிமைத்தனம்' ஒன்றையே தங்கள் நோயாக வைத்துக்கொண்டனர். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பவருக்கு இதனால் சாக்கு இல்லாமற் போயிற்று. இன்று 140 நாடுகளுக்குக் குறையாமல் இச்சங்கம் பரவியிருக்கிறது.

கூட்டம் நடக்கும் முறை மிக எளிது. ஒருவர் தம் அனுபவத்தைப் பேசுவார். மற்றவர் குறுக்கிடுவதில்லை, யோசனை கூறுவதுமில்லை. 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியவருக்கு ஒரு சிறு சாவி வளையம் தருவார்கள். புதியவர் ஒவ்வொருவரும் பழைய அங்கத்தினர் ஒருவரைத் துணையாகக் கொள்ளலாம். ஆசை மூளும் நேரத்தில் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். சந்தா இல்லை. அங்கத்தினர் பதிவேடும் இல்லை. எங்கள் இலாகாவினர் ஆய்வுக்குப் போனால் திகைத்துத் திரும்ப வேண்டியதுதான்!

பண விஷயத்தில் மட்டும் அவர்கள் நம்மிலும் கண்டிப்பானவர்கள். ஆரம்ப நாட்களில் வில்சனும் நண்பர்களும் கோடீசுவரர் ஜான் ராக்பெல்லர் இளையவரிடம் பெரும் நன்கொடையை எதிர்பார்த்தனர். பணம் இவ்வியக்கத்தைக் கெடுத்துவிடும் என்று அவர் கருதினார். 1938-இல் 5,000 டாலர் மட்டும் ஒதுக்கினார். 1940 பிப்ரவரியில் அவர் அளித்த விருந்துக்குச் செல்வந்தர் பலர் வந்தனர். தந்தையின் சார்பில் பேசிய மகன் நெல்சன், இவ்வேலை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியது என்ற கருத்துப்படப் பேசி முடித்தார். பெரும் நன்கொடைகளை எதிர்பார்த்திருந்தவர்களின் ஏமாற்றத்தைச் சொல்லவும் வேண்டுமா? பின்னர் அவர்கள் அதையே விதியாக்கிக்கொண்டனர்: வெளியார் பணம் ஒரு காசும் வேண்டாம், வாடகையும் தேநீர்ச் செலவும் கூட்டத்தில் சுற்றிவரும் தட்டிலிருந்தே நடக்க வேண்டும். அரசாங்கப் பங்கு மூலதனத்தையும் தள்ளுபடிகளையும் நோக்கியே பழகிவிட்ட நம் சங்கங்கள் இதைச் சற்றுக் கவனித்தல் நலம்.

இம்முறையால் எல்லோரும் குணமாவர் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வெறும் நம்பிக்கையும் அன்று. 27 ஆராய்ச்சிகளையும் அவற்றில் பங்குகொண்ட 10,565 பேரையும் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, குடியை அறவே விட்டிருப்பதில் இச்சங்கங்களோடு இணைக்கும் சிகிச்சை, வழக்கிலுள்ள பிற உளவியல் சிகிச்சைகளை விடக் கூடுதலாகப் பலன் தருவதாகக் கண்டது. பலனுக்கு முக்கிய காரணம் பழைய சகவாசம் மாறிப் புதிய சகவாசம் ஏற்படுவதே என்றும் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். மற்ற லாகிரிகளில் இத்தனை வலுவான ஆராய்ச்சி இன்னும் சேரவில்லை. மேலும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி அவசியம். ஹெராயின், அபின் வகைப் பழக்கத்திற்குப் பியூபிரனார்பின், மெதடோன் போன்ற மருந்துகள் உயிர்காப்பவை. இம்மருந்து உட்கொள்பவரை இன்னும் விடாதவராகவே சில கூட்டங்கள் எண்ணுவதுண்டு. அது பிசகு என்பது என் உறுதியான அபிப்பிராயம். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உண்டு.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று ஓர் உபகமிட்டி வேண்டாம். தலைவர் போய் உட்கார வேண்டாம். கூட்டத்திற்கு வந்தால்தான் கடன் என்ற நிபந்தனை கூடவே கூடாது. வந்தவர் யார் என்று கேட்பதே இம்முறையின் வேரை வெட்டுவதாகும். சென்னையில் 1980 முதல் நடைபெறும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்திச் சிகிச்சை அளித்திருக்கிறது. தமிழிலேயே பேசிக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களும் நம் மாநிலத்தில் உண்டு. அவர்களை ஒருமுறை ஊருக்கு அழைத்து, மீண்டவர் ஒருவரைப் பேசச் செய்வது காரியதரிசியால் ஆகாத வேலையன்று. பிறகு சங்கத்தின் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். பெரும்பாலான மாலைகளில் அது பூட்டித்தானே கிடக்கிறது? இலவசமாகத் தரவேண்டாம். பெயரளவுக்கேனும் வாடகை பெற்று ரசீது கொடுக்கட்டும். அவர்கள் விரும்புவதும் அதுவே.

குடும்பத்தாருக்கும் இடம் வேண்டும். நெசவு ஒருவர் செய்யும் தொழிலன்று. நூல் சுற்றும் மனைவியும் பாவு பிணைக்கும் முதியவரும் சேர்ந்ததே தறி. குடிநோயாளிகளின் உறவினருக்கென்று 1951-இல் வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் அமைத்த 'அல்-அனான்' இதே முறையில் தனியே கூடுகிறது. பக்கத்து அறையில் பெண்கள் கூடுவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

நாளைத் தேர்வதில் மட்டும் கமிட்டி சற்று யோசிக்கலாம். நெசவாளர் சங்கமாயின் கூலி பட்டுவாடா நாளின் மாலை. கூலி வங்கிக் கணக்கில் ஏறுவதாயின், அது ஏறும் நாளின் மாலை. விவசாயச் சங்கத்தில், கொள்முதல் பணம் கைக்கு வரும் வாரங்களில் ஒன்றுக்கு இரண்டாக. கையில் காசுடன் ஒருவர் தனியாக வீடு திரும்பும் வேளையில் கூடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.