சுவரில் தொங்கும் எழுத்து

ஓர் இல்லத்தின் சுவர் வெறும் மண்ணும் சுண்ணமும் அன்று. அவ்வில்லத்தார் தம் நெஞ்சில் எவற்றைப் போற்றுகின்றனர் என்பதைப் புறத்தார்க்கு உரைக்கும் நாவும் அதுவேயாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்தோறும் சென்று காண்பார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். முல்லைப் பெரியாற்று அணையை 1895-ஆம் ஆண்டில் முடித்து, மேற்கடல் நோக்கி ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக் துரையின் படம் அங்கே உழவர் மனைகள் பலவற்றில் தெய்வப் படங்களோடு ஒக்கத் தொங்குகிறது. கிறிஸ்தவர் இல்லங்களில் வேத வசனமும், இஸ்லாமியர் இல்லங்களில் அரபு எழுத்தில் வரைந்த திருமறை மொழியும் காணப்படும். இவை ஏன் இங்கே உள்ளன என்று வினவினால், அவ்வீட்டுச் சிறு பிள்ளையும் விடை கூறும்.

அண்மைக் காலத்தில் இச்சுவர்களுக்குப் புதியதொரு விருந்தும் வந்துள்ளது. சீன எழுத்தோ ஜப்பானிய எழுத்தோ கரிய மையால் வரையப்பெற்ற நெடிய சுருள்களை நம் இளைஞர் விலைகொடுத்து வாங்கித் தொங்கவிடுகின்றனர். இதனை யான் குற்றமென்று கூற வரவில்லை. ஆயினும், அது குறித்து நம் கல்லூரி மாணவர் சிறிது எண்ணிப் பார்த்தல் நலமென்று கருதியே இதனை எழுதலானேன்.

தேனியில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில் அத்தகைய சுருள் ஒன்று தொங்கிற்று. அதில் இருந்தது பெரிய எழுத்து ஒன்றே. பொருள் யாதென வினவினேன். நண்பர், “செல்வம்” என்றார். அவர்தம் மனைவியார், “அமைதி என்றல்லவா தம்பி சொன்னான்!” என்றார். அதனை வாங்கிய மகனோ, “வெற்றி” என்றான். ஜப்பானில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய அவர்தம் மருமகப்பிள்ளை அப்போது அங்கிருந்தார். அவர் நகைத்து, “மாமா, மூன்றும் அன்று, இது பொறுமை. கீழே இருப்பது உள்ளம். மேலே இருப்பது கத்தியின் கூர்வாய். நெஞ்சின்மேல் கத்தி நிற்கவும் தாங்கியிருத்தல் என்று இதனை விளக்குவார்கள்” என்றார். அனைவரும் நகைத்தனர்; அம்மையார் மட்டும் நகைக்கவில்லை. பல ஆண்டுகளாக அக்குடும்பத்தின் பாரத்தைத் தாங்கி வந்த அவர், அவ்வெழுத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் நெடுநேரம் நோக்கியிருந்தார். எழுத்து மாறவில்லை, பொருள் அறிந்தமையால் சுவரே மாறிற்று.

இச்சுருள்கள் ஆக்கப்பெறும் முறை பெருமதிப்பிற்குரியது. தூரிகை, மை, தாள், மைக்கல் என்னும் நான்கினையும் சீனர் கல்விக் கூடத்தின் நான்கு செல்வங்கள் என்பர். புகைக்கரியைப் பசையொடு கூட்டிக் கட்டியாக்கிய மையை, எழுதுமுன் கல்லில் நீர்விட்டு அரைத்தல் வேண்டும். அவ்வரைத்தலிலேயே எழுதுவோன் மனம் ஒருமைப்படும். ஆட்டு மயிர் முதலியவற்றால் ஆகிய மெல்லிய தூரிகை, கையின் நடுக்கத்தையும் மனத்தின் விரைவையும் மறையாது காட்டிவிடும். தாளோ மையை உடனே உறிஞ்சும் இயல்பினது. ஒரு கோடு பிழைப்பின் திருத்துதற்கு இடமில்லை. இன்ன கோட்டின்பின் இன்ன கோடு என்னும் வரிசையும் உண்டு. எழுதி முடித்த தாளைப் பின்புறம் வேறு தாள் ஒட்டி உறுதிசெய்து, சுற்றிலும் பட்டு அமைத்து, அடியில் உருளைக் கோல் பொருத்துவர். சீனரின் இவ்வெழுத்துக்கலையை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஜப்பானியர் இல்லங்களில் இதற்கென ஒரு மாடம் அமைப்பது மரபு. அங்கே ஒரே சுருளை ஆண்டு முழுதும் தொங்கவிடார். பருவத்திற்கும் வரும் விருந்தினர்க்கும் ஏற்ப மாற்றுவர். பழையதைச் சுருட்டிப் பேழையில் வைப்பர். நாளும் காணும் பொருளைக் கண் காணாதொழியும் என்பதை அவர் அறிவர் போலும். நம் வீட்டு வசனப் பலகைகளை நினைத்துப் பாருங்கள்! நம் தாய்மொழியிலேயே எழுதியிருந்தும், அவற்றை நாம் இறுதியாகப் படித்தது எந்நாள்?

இனி, பொருள் அறியாது வாங்குதலின் இடர்ப்பாடு ஒன்று கூறுவேன். இரண்டு மரங்களை அடுத்தடுத்து எழுதினால் காடு; ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் ஒளி; மரத்தருகே மனிதன் சாய்ந்தால் ஓய்வு. இவற்றைக் கேட்போர், அவ்வெழுத்துக்களெல்லாம் ஓவியங்களே என்று மயங்குவர். அஃது உண்மையன்று. அவற்றிற் பெரும்பாலன, ஒருபகுதி பொருளையும் மற்றொருபகுதி ஒலியையும் உணர்த்துமாறு இணைந்தவை. நாடு மாறினால் பொருளும் மாறும். ‘கை’ என்னும் எழுத்தையும் ‘தாள்’ என்னும் எழுத்தையும் இணைத்தால் ஜப்பானியர்க்கு அது கடிதம். சீனர்க்கோ கழிப்பறைத் தாள். ஜப்பானில் மகளைக் குறிக்கும் எழுத்து சீனத்தில் தாயைச் சுட்டும். ஆகவே, படம் அழகியது என்பதொன்றே கொண்டு வாங்குவோர், தம் வீட்டு வாயிலில் அயலான் ஒருவனை நிறுத்தி, அவன் வருவோர்க்கு யாது உரைக்கின்றான் என்பதைக் கேளாதிருப்போரை ஒப்பர்.

அயல் எழுத்து ஆகாது என்பது என் கருத்தன்று. சீன எழுத்தும் தமிழ் எழுத்தும் முன்னரே உறவு பூண்டவை. சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமான் திருவுருவத்தை எழுந்தருளச் செய்ததை அது கூறுகிறது. அதன் ஈற்றிற் சீன எழுத்துக்களும் உள. இலங்கையின் காலித் துறையில் 1911-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்று, இன்று கொழும்பு அரும்பொருட் சாலையில் உள்ள கல்லோ, சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு நிறுவியது. அதில் சீனமொழி புத்தரையும், தமிழ் தென்னாவர நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. எழுதியவர், படிப்போர் யாவர் என்பதை எண்ணி, அவரவர் மொழியில் எழுதினார். நாமோ, படிப்போர் எவருமில்லா எழுத்தை நம் கூடத்தில் வைக்கின்றோம். வேற்றுமை இதுவே.

“சீன எழுத்து ஒன்றே ஒரு சொல்லாகும், தமிழெழுத்தோ ஒலிக்குறி மாத்திரமே. தனி எழுத்தைச் சுவரில் தொங்கவிட்டால் அது யாது பொருள் தரும்?” என்று மாணவர் ஒருவர் என்னை வினவினார். அவர் நன்னூல் கற்றவர், எனினும் மறந்தார். ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று பவணந்தி முனிவர் வரையறுத்தாரல்லரோ? ‘தீ’, ‘பூ’, ‘கை’, ‘நா’ என்பவற்றைக் குழந்தையும் அறியும். ‘ஈ’ என்றால் கொடு என்பது பொருள். ஈகையைக் குறித்து இதனினும் சுருங்கிய அறவுரை எம்மொழியில் உளது? ‘ஓ’ என்பது மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை. பெரியாற்று நீரால் நெல் விளைக்கும் இப்பள்ளத்தாக்கினர் தம் இல்லத்தில் மாட்டுதற்கு இவ்வோரெழுத்தினும் தக்கது வேறுண்டோ? ‘ஆ’ என்பது பசு.

இவ்வீற்றெழுத்தைச் சொல்லும்போது, 2006-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறாதிருத்தல் இயலாது. ஆண்டிபட்டி வட்டத்தில் வையையாற்றை அடுத்த புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைக் கண்டனர். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகட்கு முன்னைய அவை, இந்நாட்டில் எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையனவாக எண்ணப்படுகின்றன. ஒன்றில் உள்ள வாசகம் இது: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.’ கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட, பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவனின் கல் என்பது அதன் பொருள். தொல்காப்பியம் வெட்சித்திணையில் வைத்து ஓதும் ஆகோள் என்னும் சொல்லே அங்குக் கல்லில் நிற்கின்றது. கூடலூர் என்னும் பெயருடைய ஊர் இன்றும் நம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உளது. அரசனும் அல்லன், புலவனும் அல்லன். மாட்டின் பொருட்டு மடிந்த ஒருவன். அவன் பெயர் அழியலாகாது என்று யாரோ ஒருவர் உளி பிடித்தார். இரண்டாயிரம் ஆண்டின் பின்னும் நாம் அதனைப் படிக்கின்றோம்.

இன்று நம் மாணவருட் பலர் தேர்வுத்தாளில் அன்றி வேறெங்கும் கையால் தமிழ் எழுதுவதில்லை. தாயார்க்கு எழுதும் மடலும் கைப்பேசியில் அச்செழுத்தாகவே செல்கிறது. அவர் இறந்தபின் மகன் கையெழுத்தென்று பேழையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. அயல்நாட்டுக் கையெழுத்தைப் பொன்கொடுத்து வாங்கும் நாம், நம் கையெழுத்தை விலையின்றி இழக்கின்றோம். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இதுவே.

ஆதலின், நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். ஜப்பானியர் 1995 முதல் ஆண்டுதோறும் மக்கள் கருத்தறிந்து ஓர் எழுத்தைத் தேர்ந்து, கியோத்தோ நகரத்துக் கியோமிசு கோயிலில் தலைமைக் குரு பெருந்தூரிகையால் அதனை எழுதும் வழக்கம் கொண்டுள்ளனர். நாமும் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்கு முன்னர், நாற்பத்திரண்டனுள் ஒன்றை மாணவர் தேர்ந்து, அவருள் ஒருவர் தம் கையால் பெருந்தாளில் எழுத, நூலகச் சுவரில் அதனைத் தொங்கவிடலாகாதா? அடுத்த ஆண்டு அதனைச் சுருட்டி வைத்து வேறொன்று எழுதலாம். நாற்பத்திரண்டு ஆண்டுக்குப் போதிய செல்வம் நம் இலக்கணத்திலேயே உளது. முதலாண்டில் ‘ஆ’ என்று தொடங்குவோமாயின், பெயர் நிலைக்கப்பெற்ற அந்தவனுக்கும், பெயர் தெரியாத அக்கல்லெழுத்தாளனுக்கும் நாம் செய்யும் சிறு கைம்மாறாகும்.

சீனச் சுருளும் இருக்கட்டும். அதன் பொருளை முதலில் வினவி அறிக. அதனருகே நம் கையெழுத்து ஒன்றும் இருக்கட்டும்.