கப்பல் காத்திருக்காது!

திருச்சிப் பக்கத்தில் ஒரு குடும்பம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். சிங்கப்பூரில் இருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் மூன்று நாள் போய்வர ஆசைப்பட்டார்கள். மகன் இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதும் அதற்குப் போயிற்று.

கப்பல் புறப்படும் அன்று காலையில் போய்ச் சேரும் விமானத்தில் டிக்கெட் வாங்கினார்கள். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் இறங்கி, சோதனை எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பெரியவரின் கைக்கடிகாரம் 10 மணி காட்டியது. மகனின் செல்போனும் அதையே காட்டியது. அந்த ஊர் இணைப்பை அவர் இன்னும் வாங்கவில்லை.

"கப்பல் 4 மணிக்குத்தானே! நிறைய நேரம் இருக்கிறது" என்று சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஆனால், சிங்கப்பூரின் நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே அப்போது பகல் 12½ மணி!

பிறகு டாக்சி பிடித்தார்கள். "கப்பல் துறைக்குப் போ" என்றார்கள். அங்கே கப்பல் துறை ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று ஹார்பர்பிரண்டில் இருக்கிறது. மற்றொன்று மரீனா பேயில் இருக்கிறது. டாக்சி முதல் இடத்துக்குப் போயிற்று. கப்பலோ இரண்டாவது இடத்தில் நின்றது.

பதறி அடித்துக் கொண்டு சரியான இடத்துக்கு வந்தபோது வாசலை மூடி விட்டார்கள். கப்பல் கண் எதிரே நிற்கிறது. பேரன் கேட்டான்:

"தாத்தா, கப்பல் இங்கேதானே நிக்குது? ஏன் நம்மை ஏற விடமாட்டேங்கறாங்க?"

தாத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் நிற்பதில்லை?

பஸ் என்றால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார். கப்பல் அப்படி அல்ல.

துறைமுகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் நிற்கும் இடமும் நேரமும் ஒதுக்கி இருப்பார்கள். வழிகாட்டி வெளியே கொண்டு போகும் மாலுமியும், இழுவைப் படகுகளும் குறித்த நேரத்துக்கு வந்து நிற்கும். அடுத்த ஊரிலும் இடம் காத்திருக்கும். பிந்தினால் ஆயிரக்கணக்கான பயணிகளின் திட்டம் கெடும்.

"4 மணிக்குக் கப்பல்" என்றால், 4 மணிக்கு ஏறலாம் என்று பொருள் அல்ல. அதற்கு வெகு முன்பே வாசல் மூடப்படும். ஏறியவர்களின் பெயர்ப் பட்டியல் அதிகாரிகளிடம் போக வேண்டும். அமெரிக்காவில் கப்பல் புறப்பட 60 நிமிடங்களுக்கு முன்பே அந்தப் பட்டியலைக் கொடுத்து விட வேண்டும் என்பது சட்டம்.

துரத்திய எட்டுப் பேர்

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல. 2024 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே உள்ள சாவோ டோமே தீவில் ஓர் உல்லாசக் கப்பல் நின்றது. ஊர் பார்க்க இறங்கிய எட்டுப் பயணிகள் குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் அவர்களை ஏற்றிக் கொள்ளவில்லை.

எட்டுப் பேரும் நாடு விட்டு நாடு போய்க் கப்பலைத் துரத்தினார்கள். காம்பியா நாட்டில் பிடித்து விடலாம் என்று போனார்கள். கடல் நிலை சரியில்லாமல் கப்பல் அங்கே கரைக்கு வரவே இல்லை! கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் நகரில்தான் அதில் ஏற முடிந்தது. அவர்களில் ஒரு பெண் கர்ப்பிணி.

புயலும் வரும்

நம் ஆசிரியர் குடும்பத்தைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியுமா? முடியாது. விமானம் பிந்தியது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால் எதுவும் பிந்தாது என்று நம்பியதுதான் தவறு.

2023 டிசம்பர் 4-ந் தேதி மிச்சாங் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயலிலும் மூடப்பட்டது. 2024 ஜூலை 19-ந் தேதி புயலே இல்லை. கம்ப்யூட்டர் கோளாறு ஒன்றினால் உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் நின்றன.

எனவே, கப்பல் ஏறும் ஊருக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்துங்கள். எந்தத் துறை என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பெட்டியைத் துறையிலேயே வாங்கிக் கொண்டு போய் விடுவார்கள். கையில் வைத்திருங்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு, மலேசியா போய்த் திரும்பினால், மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஒரு முறை மட்டும் நுழையும் விசா அதற்குப் போதாது.

பணம் வாங்குவோர் கடமை

பயணிகளுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. பணம் வாங்கும் ஏஜெண்டுகளுக்கும் கடமை உண்டு.

ஆசிரியர் குடும்பத்துக்குக் கொடுத்த காகிதங்களில் எல்லாம் இருந்தது. துறையின் பெயர் இருந்தது. வாசல் மூடும் நேரமும் இருந்தது. எப்படி? பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கங்களுக்கு நடுவே! நீச்சல் குளத்தின் படம் மட்டும் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது.

முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில், மூன்றே வரி எழுதித் தரட்டும். எந்தத் துறை? அந்த ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு வாசல் மூடும்? தவற விட்டால் பணம் திரும்புமா, திரும்பாதா? இந்த மூன்றையும் படித்துக் காட்டிய பிறகே பணம் வாங்க வேண்டும். இதற்கு ஒரு காகிதம்தான் செலவு. கேட்டு வாங்குவது பயணிகளின் உரிமை.

நம் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்து "ரஜூலா" கப்பலில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கப்பல் கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதற்காக முன்கூட்டியே ஊருக்கு வந்து, மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடந்தார்கள். கப்பலுக்காக மனிதன்தான் காத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் முன்னதாகப் போனால் ஓர் இரவு தங்கும் செலவு. ஒரு மணி நேரம் பிந்தினால் இரண்டு ஆண்டுச் சேமிப்பு!