அப்பளமும் உண்டிவில்லும்

இம்மாதம் நாம் எழுதப் புகும் பொருள் ஒரு கணினி விளையாட்டு. அன்பர்கள் சிலர் இப்போதே புருவத்தை நெரிப்பர் என்பதை அறிவோம். சற்றே பொறுத்தருள்க.

நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர் கோடை விடுமுறையில் இதனை ஆக்கியுள்ளனர். மொட்டை மாடியில் பாட்டி அப்பளம் உலர்த்துகிறாள். காற்றடிக்க, அப்பளங்கள் ஒவ்வொன்றாய் வானில் எழுகின்றன. உண்டிவில்லால் குறி பார்த்து அவற்றை அடிக்க வேண்டும். பட்டால் அப்பளம் நொறுங்கும். தவறினால் பாட்டி ஏசுவாள். காக்கையின்மேல் பட்டாலோ, பெற்ற புள்ளிகள் யாவற்றையும் காக்கை கவர்ந்து சென்றுவிடும். உலர்த்திய அப்பளத்தை உடைப்பானேன் என்று வினவினோம். "அதுதானே விளையாட்டு, மாமா" என்றனர். மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை.

குறி பார்க்கும் விளையாட்டுப் புதிதன்று. திருவிழாக் கடையில் பலூன் சுடாதவர் நம்மில் யார்? 1936-இல் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம், காசு போட்டு வாத்துச் சுடும் பொறி ஒன்றை வெளியிட்டது. அதில் துப்பாக்கி ஒளியை உமிழும். வாத்திற் பொருத்திய ஒளியுணரி அதனை ஏற்கும். 1984-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'டக் ஹண்ட்' விளையாட்டில் இம்முறை தலைகீழாயிற்று. விசையை அழுத்திய கணத்தில் திரை கறுக்கும். வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாய் ஒளிரும். அவ்வொளியைத் துப்பாக்கி கண்டுகொண்டால் வாத்து வீழ்ந்ததாகக் கணக்கு. சுட்டது வாத்து, சுடப்பட்டது துப்பாக்கி எனலாம்! குறி தவறியவரைப் பார்த்து அதில் ஒரு நாய் சிரிக்கும். தங்கள் பாட்டிக்கு அந்நாயே முன்னோடி என்கின்றனர் மாணவர்; பாட்டிமார் மன்னிப்பார்களாக.

நம் மாணவர் கையாண்ட கருவி 'ஸ்கிராட்ச்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007-இல் பொதுவில் இலவசமாக அளித்தது. கட்டளைகளைக் குழந்தைகளின் மரக்கட்டைகள் போல் ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். அதன் அரங்கு 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் உடையது, நடுப்புள்ளி சுழி. வகுப்பிலே கொட்டாவியோடு கற்ற ஆயத்தொலைவுகள் இங்கே அப்பளத்தின் முகவரியாகிவிடுகின்றன.

தொடக்கத்தில் ஒரு விந்தை நேர்ந்தது. கல் அப்பளத்தின் நடுவே சென்றும் அப்பளம் உடையவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் காரணம் புலப்பட்டது. கணினித் திரையில் கல் பறப்பதில்லை, தாவுகிறது. ஒரு தாவலுக்கு 40 அலகு. அப்பளத்தின் அகலமோ 30. கல் மிகச் சிறிது. ஒரு கணம் கல் அப்பளத்துக்கு இப்பால்; அடுத்த கணம் அப்பால். இடையில் தொட்டதைக் கணினி அறியவே இல்லை. அவர்களுள் ஒரு மாணவி ஒவ்வொரு தாவலையும் நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் 'தொட்டதா?' என்று கேட்கச் செய்தாள். அப்பளம் நொறுங்கிற்று.

இவ்விளையாட்டுக்கு ஆண்டு விழாவில் இடம் தரலாகாது எனப் பெற்றோர் சிலர் செயற்குழுவுக்கு எழுதியுள்ளனர். அடிப்பதும் சுடுவதும் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது ஒரு சாரார் கூற்று. பொதுத்தேர்வு ஆண்டில் இது வேண்டுமா என்பது மறுசாரார் கேள்வி. மனிதரைச் சுட்டுக் குருதி காட்டும் விளையாட்டுகளை நாமும் விரும்புகிலோம். ஆயினும் அப்பளத்தின்மேல் கல்லெறிவதில் கொடுமை காண நமக்கு இயலவில்லை. தேர்வைப் பற்றிய அச்சம் நியாயமே. ஆனால் அம்மூன்று நாளில் அவர்கள் கற்றதை எந்தத் தனிப்பயிற்சி வகுப்பு கற்பித்திருக்கும்? ஒரு மேசை தருவதால் விழா கெட்டுவிடாது என்பதே நம் கருத்து.

மற்றொன்றும் உண்டு. இம்மாணவர் உண்டிவில்லைக் 'குலேல்' என்றே அறிந்திருந்தனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் சமையலறையோடு சரி. பாட்டிக்கு ஏச்சுத் தேடியபோது ஒரு சொல்லும் அகப்படாமல், ஊரிலுள்ள பாட்டிமாரைத் தொலைபேசியில் அழைத்தனர். கும்பகோணத்துப் பாட்டி 'கடங்காரா' என்று தொடங்கினார்; நாகர்கோவில் பாட்டி ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. நலம் விசாரிக்கவும் வாய் திறவாத பேரப்பிள்ளைகள் வசவு வாங்க வலிய அழைத்தது அம்மூதாட்டியருக்குப் பெருமகிழ்ச்சி. அக்குரல்களே இன்று விளையாட்டில் ஒலிக்கின்றன.

இதுவரை 11 ஏச்சுகள் சேர்ந்துள்ளன, 20 வேண்டுமாம். அறிந்த அன்பர்கள், குழந்தைகள் செவியில் விழத்தக்கவற்றை மட்டும், சங்க அலுவலகத்துக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம்.