காத்த மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

மேலூர் வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், அண்ணன் மதினிமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து நீங்கள் ஊர்வலமாகப் போனதை இங்கே வேலை முடிந்து வந்த கையோடு கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சுரங்கத்துக்கென்று குறித்திருந்த 2,015 ஹெக்டேருக்குள் அரிட்டாபட்டி இருந்தது, மீனாட்சிபுரம் இருந்தது, நம் கண்மாய்களும் வயல்களும் இருந்தன. அந்த மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. ஊரே பட்டாசு வெடித்தது. நாங்களும் இங்கே ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசித் தீர்த்தோம்.

இந்த மடல் அதற்குப் பிறகு நடக்க வேண்டியதைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது பிள்ளைகள் இன்று எங்கே போனார்கள், என்ன விளையாடினார்கள் என்று நான் கேட்பது வழக்கம். மதுரையில் கடைவளாகத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், வந்தோம் என்பார்கள். எங்கும் போகவில்லை என்றால் பிள்ளை கையில் போன் இருக்கிறது என்று அர்த்தம். மே மாதம் வந்தால் கொடைக்கானல். அதற்குக் காசு இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. “நம்ம ஊர்ல போறதுக்கு என்னண்ணே இருக்கு?” என்று என்னிடமே கேட்கிறார்கள். ஒரு மலையைக் காப்பாற்ற மாவட்டத்தையே திரட்டியவர்கள் வாயில் இந்தக் கேள்வி வரக் கூடாது.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரை ஒட்டி உபின் என்று ஒரு தீவு. அதன் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடலோரச் சதுப்பு. அதை மண் கொட்டி மூடி நிலமாக்குவதாக அரசின் திட்டம் இருந்தது. 2001-இல் விஷயம் பரவியது. தன்னார்வலர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று குறித்தார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் பார்க்கப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பகுதி. மக்கள் போவதை நிறுத்தவில்லை. 2007-இல் அங்கே அலையாத்திக் காட்டுக்குள்ளும் கடல்மேலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை போட்டார்கள். இன்றைக்கும் விடுமுறை நாளில் சாங்கி படகுத்துறைக்குப் போனால், பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும் சின்ன மோட்டார் படகுக்காகத் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி எல்லோரும் காத்திருப்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே கடல் எப்போது வற்றும் என்று அட்டவணை பார்த்திருப்பார்கள். சேற்றில் துள்ளித் திரியும் மீனையும் ஒற்றைக் கொடுக்குப் பெருத்த நண்டையும் அந்தப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். நாளைக்கு அந்த இடத்துக்கு மறுபடி ஆபத்து வந்தால் அதன் பெயர் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே நிற்கும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அரிட்டாபட்டி மலையில் என்ன இருக்கிறது என்று தெரியும்?

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமுமாக 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள். சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி மூன்றும் அங்கே உண்டு. தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் வாழ்கிற இடம். மேலூரில் காலை இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

முதலில் குடைவரைச் சிவன் கோயில். பாறையைக் குடைந்து, உள்ளே லிங்கத்தையும் அதே பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை. வெளியே பக்கச் சுவரில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். தமிழ்நாட்டில் லகுலீசர் சிற்பம் அபூர்வம். அதை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு சமணர் குகைத்தளம். இங்கேதான் பிள்ளைகளோடு அதிக நேரம் உட்கார வேண்டும். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு ஓடும். அதைக் காடி என்பார்கள். “மழை பெஞ்சா தண்ணி எங்கடா போகும்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பாறை வழியாக வடியும் தண்ணீர் அந்த வெட்டில் தடைபட்டு வெளியே சொட்டும், உள்ளே படுத்திருப்பவர் நனைய மாட்டார் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். அந்தக் காடிக்குக் கீழேதான் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் அவற்றுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்; அவருக்குக் கீழே இருப்பது வட்டெழுத்து. எழுத்தைத் தொடாமல் பார்த்து ஒரு நோட்டில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். தமிழியில் ‘க’ எழுதக் கூட்டல் குறி போட்டால் போதும். வீட்டுக்கு வந்து எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு தன் பெயரையும் அப்பத்தா பெயரையும் தமிழியில் எழுதத் தொடங்கிவிட்டால், அந்த மாலைப்பொழுதுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்த வாரம் மாங்குளம் மலை. 1882-இல் ராபர்ட் சூவல் அங்கே கண்ட கல்வெட்டுகளே தமிழ்நாட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டுகள். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பாறையில் இருக்கிறது. வெள்ளறை நிகமம் என்று ஒரு வணிகர் குழுவும் வருகிறது. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்பது ஆய்வாளர்கள் கருத்து. பேருந்தில் தினமும் அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இதைச் சொன்னால் அதன் முகத்தைப் பாருங்கள். கீழவளவு, கருங்காலக்குடி, யானைமலை என்று இன்னும் இருக்கின்றன. எதற்கும் கட்டணம் இல்லை.

மலை மட்டும் இல்லை. நம் பக்கத்து மீன்பிடித் திருவிழாவுக்கு ஈடான ஒன்றைச் சிங்கப்பூரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. அறுப்பு முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றியதும், பெரியவர்கள் சாமி கும்பிட்டுத் துண்டை வீச, கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும்போது விரால் வழுக்கிக்கொண்டு போகுமே, அந்த நொடியைப் பிள்ளைகள் இன்று கரையில் நின்று வீடியோ எடுக்கிறார்கள். அவர்களையும் ஆழமில்லாத ஓரத்தில் இறக்குங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றால் போதும். கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் அவர்களுக்கும் விளங்கட்டும்.

வெயில் கொளுத்தும் நாளிலும் மழை நாளிலும் வீடுதான். திண்ணையில் கரித்துண்டால் தாயக் கட்டம் போடுங்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்தத் தேய்ப்பே பாதி விளையாட்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று காத்திருக்கும் பொறுமையை எந்தப் போனும் கற்றுக்கொடுக்காது. பல்லாங்குழியில் குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிற அப்பத்தாவை யாராலும் ஏமாற்ற முடியாது. கணக்கு அவ்வளவு வேகம். ஒருநாள் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். 2023 மார்ச்சில் திறந்தது. கீழடி மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பகடைகளையும் ஆட்டக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் பார்த்துவிட்டு வந்து தாயக்கட்டையை உருட்டும் பிள்ளைக்கு விளையாட்டின் மேல் மதிப்பே மாறிவிடும்.

இங்கே கட்டுமான வேலை செய்யும் நம்மூர்த் தம்பி ஒருவர் விடுதியில் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்து வைத்திருக்கிறார். அதே கட்டம் ஊரில் மகளிடமும் இருக்கிறது. வீடியோ காலில் அவர் மூன்று புலி, மகள் பதினைந்து ஆடு. சாப்பிட்டாயா, படித்தாயா என்ற இரண்டு கேள்வியோடு முடிந்த பேச்சு இப்போது ஒரு மணி நேரம் போகிறதாம். வெளிநாட்டில் அப்பா இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அந்த அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது இரண்டு மணி நேரம் அதற்கும் ஒதுக்குங்கள்.

தனியாகப் போக யோசிப்பவர்களுக்குப் பசுமை நடை என்ற குழு இருக்கிறது. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் பார்த்ததை எதிர்த்து எழுந்த குரலிலிருந்து, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று 2010-இல் தொடங்கியது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையடியில் நின்று கல்வெட்டை வாசித்துச் சொல்ல, குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். மதுரைக்காரர்கள் நம் மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாமும் போக வேண்டாமா?

போகும்போது சில காரியங்களில் கண்டிப்பாக இருங்கள். பாறையில் பெயர் எழுதக் கூடாது, சுண்ணாம்போ பெயிண்டோ படக் கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் திரும்பி வர வேண்டும். வல்லூறு முட்டையிடும் பாறைப் பக்கம் கத்தக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. வழியை அரிட்டாபட்டிக்காரர்களிடம் கேளுங்கள். அந்த மலையைக் கண்போலப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுதோறும் ஜனவரி 23-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையை ஒவ்வொரு ஊரும் மலைக்குப் போகும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த கையோடு வரும் நாள், வெயிலும் அதிகம் இருக்காது. போராட்டத்துக்கு வந்த அதே வண்டிகளில் இந்த முறை பிள்ளைகளை ஏற்றுங்கள். விடுமுறைக்கு இங்கிருந்து வரும் நம்மூர்ப் பிள்ளைகளையும் அனுப்பிவைக்கிறோம். அவர்களுக்கு வழிகாட்ட உங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கட்டும்.

அன்புடன்,
சிங்கப்பூரில் வாழும் உங்கள் மேலூர்க்காரன்