3-வது இடத்துக்கு நாற்காலி விளையாட்டு! சென்னை வாலிபர் சாய் சுதர்சன் நிலைப்பாரா?

திருத்தணி பக்கத்தில் உள்ள கே.ஜி.கண்டிகையில் டெஸ்டு மேட்ச் நடக்கிற நாளில் டீக்கடை பெஞ்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஆந்திர எல்லை அல்லவா? விசாகப்பட்டினத்து நிதிஷ்குமார் ரெட்டிக்கு ஒரு கட்சி. சென்னை வாலிபர் சாய் சுதர்சனுக்கு ஒரு கட்சி.

2025 நவம்பரில் கவுகாத்தி டெஸ்டு முடிந்தபோது இரண்டு கட்சிக்கும் வாய் அடைத்துப் போனது. தென்ஆப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி! சொந்த மண்ணில் 2-0 என்று தொடரும் போச்சு.

இந்தியாவின் பேட்டிங் இனி யார் கையில்? இந்தக் கேள்விக்கு 3-வது இடத்தில் இருந்துதான் பதில் தேட வேண்டும்.

திராவிட் நின்ற இடம்

3-வது ஆட்டக்காரர் என்றால் சும்மா இல்லை. முதல் ஓவரிலேயே விக்கெட் விழுந்தாலும் அவர்தான் வரணும். 150 ரன்னுக்குப் பிறகு விழுந்தாலும் அவர்தான். டிராவிட் இந்த இடத்தில் மட்டும் 10 ஆயிரம் ரன்னுக்கு மேல் குவித்தார். அடுத்து புஜாரா. 103 டெஸ்டு, 7,195 ரன், 19 சதம். 2023 ஜூனில் அவரது ஆட்டம் முடிந்தது. பிறகு சுப்மன் கில் வந்தார்.

2025 மே மாதம் ரோகித் சர்மாவும் விராட் கோலியும் ஐந்தே நாள் இடைவெளியில் டெஸ்டுக்கு முழுக்கு போட்டார்கள். கில் 4-வது இடத்துக்கு நகர்ந்தார். இங்கிலாந்தில் 754 ரன் அடித்து நொறுக்கினார். 3-வது நாற்காலி காலி!

அன்று தொடங்கிய நாற்காலி விளையாட்டு இது. லீட்சில் சாய் சுதர்சன். அடுத்த இரண்டு டெஸ்டில் கருண் நாயர். மான்செஸ்டரில் மறுபடி சாய். கொல்கத்தாவில் திடீரென்று வாஷிங்டன் சுந்தர்! சாய்க்கு ஆடும் 11 பேரிலேயே இடமில்லை. கவுகாத்தியில் மறுபடி சாய் வந்தார். சுந்தர் 8-வது இடத்துக்குத் தள்ளப்பட்டார். கொல்கத்தாவில் 124 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 93 ரன்னில் சுருண்டதே, அதில் அதிகம் அடித்தவர் 31 ரன் எடுத்த இந்த சுந்தர்தான்! நன்றாக ஆடியவரையும் மாற்றுகிறார்கள், ஆடாதவரையும் மாற்றுகிறார்கள். என்ன கணக்கோ!

ராசியான தேதி

சாய் சுதர்சன் இடது கை ஆட்டக்காரர். 2001-ல் பிறந்தவர். விளையாட்டுக் குடும்பம். அப்பா இந்தியாவுக்காக ஓடியவர். அம்மா வாலிபால் வீராங்கனை. 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 ரன் விளாசி, சொந்த ஊர் ரசிகர்கள் வயிற்றிலேயே புளியைக் கரைத்தவர். ஏனென்றால் எதிரில் ஆடியது சென்னை அணி! கடைசி பந்தில் சென்னை ஜெயித்ததால் ஊர்க்காரர்கள் அவரை மன்னித்துவிட்டார்கள். 2025 ஐ.பி.எல்.லில் 759 ரன், ஆரஞ்சு தொப்பி.

முதல் டெஸ்டில் இறங்கிய நாள் ஜூன் 20. கங்குலியும் டிராவிட்டும் 1996-லும், கோலி 2011-லும் டெஸ்டில் அடியெடுத்து வைத்த அதே தேதி. ஆனால் தேதி ரன் அடிக்குமா? முதல் இன்னிங்சில் 'முட்டை'. மான்செஸ்டரில் 61, டெல்லியில் வெஸ்ட்இண்டீசுக்கு எதிராக 87. கவுகாத்தி வரை 6 டெஸ்டு, 11 இன்னிங்ஸ், 302 ரன். சராசரி 27 சொச்சம். சதம் இல்லை. இது போதாது. சாய் கட்சிக்காரர்களும் இதை ஒத்துக்கொள்ளணும்.

சுழலில் சிக்கினார்

இங்கேதான் ஒரு விஷயம். உள்நாட்டில் அவர் ஆடிய 5 இன்னிங்சிலும் சுழற்பந்து வீச்சாளரிடமே அவுட் ஆனார். சேப்பாக்கம் ஊர்க்காரர் சுழலில் விழுவதா என்று கேட்கலாம். கவுகாத்தி 2-வது இன்னிங்சில் 139 பந்து தாக்குப்பிடித்தார். எடுத்தது 14 ரன்! தடுக்கத் தெரிகிறது. ஒரு ரன் தட்டி எதிர்முனைக்கு ஓட வழி தெரியவில்லை. கடைசியில் அவரைச் சாய்த்தவர் யார் தெரியுமா? முத்துசாமி! நாகப்பட்டினத்தில் பூர்வீகம் கொண்ட தென்ஆப்பிரிக்கத் தமிழர். அதே டெஸ்டில் 109 ரன்னும் அடித்தவர்.

குறை சாயிடம் மட்டுமா? 2024-ல் நியூசிலாந்து இங்கே வந்து 3-0 என்று சுத்தமாக ஜெயித்துப் போனது. புனேயில் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். அப்போது ஆடியவர்கள் ரோகித்தும் கோலியும்! பெரிய தலைகளே உருண்ட மாதிரி ஆடுகளத்தை மறுபடியும் போட்டுக் கொடுத்துவிட்டு, புதுப் பையன் நிற்கவில்லை என்றால் எப்படி? பந்து சுழலவும் வேண்டும், பையன்கள் தேறவும் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கிற காரியமா?

பத்ரிநாத்துக்கு என்ன ஆச்சு?

தமிழ்நாட்டு பேட்ஸ்மேன்களின் கதை பழைய கதை. கிருபால்சிங் 1955-ல் ஐதராபாத்தில் முதல் டெஸ்டிலேயே சதம் போட்டார். பத்ரிநாத் முதல்தரப் போட்டிகளில் 10 ஆயிரம் ரன்னுக்கு மேல் அடித்தவர். 2010-ல் நாக்பூரில் முதல் டெஸ்டு இன்னிங்சில் அரை சதம். மொத்தம் கிடைத்தது 2 டெஸ்டு! அபினவ் முகுந்துக்கு 7. முரளி விஜய்க்கும் 2008-ல் அறிமுகமான பிறகு முதல் சதத்துக்கு 2010 அக்டோபர் வரை ஆனது. அவரை வைத்துக்கொண்டார்கள். 61 டெஸ்டில் 12 சதம் கிடைத்தது. சாயும் 2024-ல் டெல்லிக்கு எதிராக ரஞ்சியில் 213 ரன் எடுத்தவர்தான். இரண்டு டெஸ்டுக்கு ஒரு முறை தூக்கினால் இன்னொரு பத்ரிநாத்தான் மிச்சம்.

கண்டிகை பையன் கதை

சாய்க்காவது சென்னை லீக் கைக்கெட்டும் தூரம். கே.ஜி.கண்டிகை மாதிரி ஊரில் அறுவடை முடிந்த வயல்தான் மைதானம், டென்னிஸ் பந்துதான் ஆட்டம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி 2021-ல் பிரிஸ்பேனில் டெஸ்டு ஆடினார். பந்துவீச்சில் அது முடியும். பேட்டிங்குக்கு லெதர் பந்தும் நல்ல ஆடுகளமும் தினமும் வேணும். டி.என்.பி.எல்.லில் 2016-ல் திருவள்ளூர் பெயரில் ஒரு அணி இருந்தது. 2018-ல் அது காஞ்சி ஆகிவிட்டது.

சென்னையில் ஆடணும் என்று நினைக்கிற பையன் இருட்டோடு எழுந்து, திருத்தணி மின்சார ரெயிலில் பெரிய கிட் பையோடு ஏறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் வரணும். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பையை எங்கே வைப்பது என்று ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.